பயிற்சிநூலில் எங்கே இடம் விடுவது? சுகாதார மாணவர்களுக்கு அடிப்படை விஞ்ஞானம் படிப்பிக்கப் புதிதாக வருவோருக்கு

முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி. உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு நல்ல பெறுபேறு. மூல் (துணிக்கைகளை எண்ணும் அலகு) என்றால் என்னவென்று கேட்டால் வரைவிலக்கணத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். மேசையில் ஒரு சேலைன் போத்தலை வைத்து, "இதுக்குள்ள எத்தனை கிராம் உப்பு இருக்கு?" என்று கேட்டேன். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிளில் 0.9% என்றும் 500 மில்லிலீற்றர் என்றும் இருந்தது. "மிஸ், மூலர்த்திணிவு தரேல்லையே" என்றாள். ஒரு மூலின் நிறையைத்தான் கேட்டாள்.

விடை 4.5 கிராம். நூறு மில்லிலீற்றரில் 0.9 கிராம் என்றால் ஐந்நூறில் அதைப்போல ஐந்து மடங்கு. அவளுக்குத் தெரியாத கணக்கு அதில் ஒன்றுமே இல்லை. ரியூசன் வகுப்பில் செய்த கணக்கும் வார்டில் தொங்கும் போத்தலும் ஒரே விஷயம் என்று யாரும் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை.

கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகள் உயர்தர உயிரியல் பிரிவிலிருந்து வருபவர்கள். தாதியர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம், மருந்தாளர் போன்ற படிப்புகளுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் அதே வழிதான். இவர்களுக்கு உடற்றொழிலியலோ உயிர் இரசாயனவியலோ படிப்பிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தற்காலிக விரிவுரையாளர்களையும் செய்முறை உதவியாளர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பயிற்சிநூல் என்று நான் சொல்வது மாணவர் பேனையால் எழுதி நிரப்பும் தாள்களை. விரிவுரைக் குறிப்பையும் பாஸ் பேப்பர் தொகுப்பையும் அந்தப் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது; அவற்றுக்கு வேறு பயன் உண்டு, இந்தப் பயன் இல்லை.

சிறிதாகத் தொடங்குங்கள்

பாடத்திட்டம் முழுவதையும் ஒரே நூலாக்கப் போகாதீர்கள். முதல் தவணைக்கு ஒரே ஒரு கருத்து, நாலு பக்கம், இரண்டு மணித்தியால வகுப்பு ஒன்று. அதைச் செய்து பார்த்த பிறகு அடுத்தது. சுகாதார மாணவருக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிற அடிப்படைகள் மிகச் சில: செறிவும் ஐதாக்கலும், பிரசாரணம் (மெல்லிய சவ்வினூடாக நீர் நகர்வது), அமில காரத் தன்மை, அமுக்கம், நொதியங்கள், பரப்பிழுவை, அளவீட்டு வழு. ஏழு தலைப்புக்கு 28 பக்கம். இரண்டு வருடத்தில் ஒருவர் நல்லபடியாக எழுதி முடிக்கலாம்.

பக்கம் எழுத முன்னம் பத்து நிமிடத் தாள் ஒன்று கொடுங்கள். மூன்று கேள்வி, பெயர் எழுதத் தேவையில்லை, புள்ளியும் இல்லை. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று அதில் தெரியும். பிரசாரணம் பற்றிக் கேட்டால் பெரும்பாலானோர் "செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு" என்று எழுதுவார்கள். எதன் செறிவு என்று எழுதமாட்டார்கள். உப்பின் செறிவை நினைத்துக்கொண்டு நீரின் திசையைச் சொன்னால் விடை தலைகீழாகிவிடும். இந்த ஒரு குழப்பத்தை மட்டும் தீர்க்க ஒரு முழுப் பக்கம் ஒதுக்கலாம்.

ஒரு பக்கம் எப்படி உருவாகிறது

பிரசாரணப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எனது ஒழுங்கு இது: முதலில் ஊகம், பிறகு கையால் செய்வது, பிறகு கணக்கு, கடைசியில் சொந்தச் சொல்லில் விளக்கம்.

ஊகத்துக்கான கேள்வி பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரவேண்டும். "மீனைக் கீறி உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஏன் வந்தது?" திருகோணமலையில் கருவாடு காயவைப்பதைப் பார்க்காத பிள்ளை இல்லை. கேள்விக்குக் கீழே ஆறு வரி வெறுமையாக விடுங்கள். இந்த ஆறு வரியையும் அவர்கள் பேனையால்தான் எழுதவேண்டும், பிழையென்றால் அழிக்கக்கூடாது என்று பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். தான் முதலில் என்ன நினைத்தேன் என்பது வகுப்பு முடியும்போது கண் முன்னால் இருக்கவேண்டும். அதனால்தான் விளக்கம் எதையும் இந்த வரிகளுக்கு மேலே அச்சிடக்கூடாது. ஒரு வசனம் மேலே இருந்தாலும் பிள்ளை அதைப் பார்த்துத்தான் எழுதும்.

அடுத்து உருளைக்கிழங்கு. ஐந்து சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரே அளவான துண்டுகள் மூன்று: ஒன்று வெறும் நீரில், ஒன்று லீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த நீரில், மற்றது லீற்றருக்கு 35 கிராம் கரைத்த நீரில். ஒரு மணித்தியாலம் கழித்து நிறுத்து, அளந்து, வளைத்துப் பார்த்து எழுதவேண்டும். வெறும் நீரில் கிடந்தது விறைப்பாக நிற்கும். 35 கிராமில் கிடந்தது துவண்டு போயிருக்கும். இந்த 35 கிராம் கடல்நீரின் உப்பளவுக்குக் கிட்டியது என்பதைத் துண்டைத் தொட்டுப் பார்த்த பிறகே சொல்லுங்கள். பிறகு கேள்வி: "படகு பழுதாகிக் கடலில் நிற்கிறவருக்குத் தாகம். சுற்றிவரத் தண்ணீர். ஏன் குடிக்கக்கூடாது?" நிலாவெளி உப்பளப் பாத்தியில் ஆயிரம் லீற்றர் கடல்நீர் காய்ந்தால் ஏறக்குறைய எத்தனை கிலோ உப்பு மிஞ்சும் என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

கணக்குப் பகுதியில் மூன்று கணக்குப் போதும். முதலாவதை முழுதாகச் செய்து காட்டுங்கள்: சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் சோடியம் குளோரைட்டு, மூலர்த்திணிவு 58.5, ஆகவே 154 மில்லிமூல். கரைசலில் அது சோடியம் அயனாகவும் குளோரைட்டு அயனாகவும் பிரிவதால் துணிக்கைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகி 308. இரண்டாவதைப் பாதி செய்து பாதி விடுங்கள்: ஐந்து வீத டெக்ஸ்ரோசு, லீற்றருக்கு 50 கிராம், மூலர்த்திணிவு 180. இது அயனாகப் பிரியுமா என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது முழுவதும் வெறுமை. இப்படிப் படிப்படியாகக் கையை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் சுவெலர், கூப்பர் என்ற இருவர் 1985இல் அட்சரகணிதம் படிக்கும் மாணவரிடம் செய்த ஆய்வில், செய்துகாட்டிய கணக்குகளைப் பார்த்துப் படித்தவர்கள் எல்லாவற்றையும் தாமே போட்டுப் பழகியவர்களைவிடக் குறைந்த நேரத்தில் படித்து, அதேமாதிரியான கணக்குகளில் பிழையும் குறைவாக விட்டார்கள். தொடக்கக்காரருக்கு வெற்றுத்தாளை மட்டும் கொடுப்பது நல்லதல்ல. முழு விடையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாலும் பிள்ளை பேனையைத் தொடாது.

மூன்றாவது கணக்குக்கு நான் ஜீவனியை, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பொடியை, வைப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுச் சூத்திரப்படி ஒரு லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, சோடியம் சித்திரேற்று 2.9. மொத்தத் துணிக்கைச் செறிவு 245 மில்லிமூல். "ஒரு லீற்றருக்கான பைக்கற்றை ஒரு தாய் அரை லீற்றரில் கரைத்துவிட்டார். செறிவு இப்போது எவ்வளவு? குருதித் திரவவிழையத்தில் ஏறக்குறைய 290. குழந்தையின் குடலில் நீர் எந்தப் பக்கம் போகும்?" 490 என்று போட்ட பிள்ளை கொஞ்சம் அப்படியே இருக்கும். பிறகு பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம்.

எந்த மொழியில் எழுதச் சொல்வது

பள்ளிக்கூடத்தில் "செறிவு", "பிரசாரணம்", "நொதியம்" என்று தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இங்கே கையில் கிடைப்பது ஆங்கிலப் பாடநூல். தெரிந்த விஷயமே தெரியாததுபோல இருக்கும். பக்கத்தின் வலதுபுறம் ஓர் ஒடுங்கிய நிரல் விடுங்கள். தமிழ்ச் சொல் வரும் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஆங்கிலச் சொல்லை மாணவரே தேடி எழுதட்டும். நீங்கள் அச்சடித்துக் கொடுத்தால் படிக்கமாட்டார்கள்.

கடைசி விளக்க வரிகளை மட்டும் கட்டாயம் தமிழில் கேளுங்கள். "இதை உங்கள் வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்கோ உம்மும்மாவுக்கோ விளங்கச் சொல்வதுபோல எழுதுங்கள்" என்று கேட்டால், மனப்பாடம் செய்த வசனம் அங்கே உதவாது. நாளைக்கு இவர்கள் வார்டிலும் மருந்தகத்திலும் பேசப்போவதும் அந்த அம்மம்மாக்களோடுதான்.

சித்த மாணவருக்கு ஒரு பாலம்

இந்தப் பக்கத்தில்தான் நான் அதிகம் நேரம் செலவழித்தேன். சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு அடிப்படை விஞ்ஞானம் வேறு வீட்டுப் பாடம்போலத் தோன்றும். பௌதிகவியல் ஒரு பக்கம், நாடியும் நீர்க்குறியும் (சிறுநீரைப் பார்த்து நோயறிவது) இன்னொரு பக்கம். ஆனால் நெய்க்குறிச் சோதனையை யோசித்துப் பாருங்கள். காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் என்று சொல்வது. ஒரு திரவத்தின் மேற்பரப்பில் இன்னொன்று எப்படிப் பரவுகிறது என்பதைக் கூர்ந்து கவனிப்பது அது. உயர்தரத்தில் பரப்பிழுவை என்று படித்தது இதற்குள் இருக்கிறது.

உயிர் இரசாயனவியல் செய்முறையில் ஹே சோதனை என்று ஒன்று உண்டு. சிறுநீரின் மேல் கந்தகத் தூளைத் தூவுவார்கள். சாதாரணமாகத் தூள் மிதக்கும். சிறுநீரில் பித்த உப்புகள் இருந்தால் பரப்பிழுவை குறைந்து தூள் அமிழும். கந்தகம் சித்த மாணவருக்குப் புதிய பொருளே அல்ல.

பயிற்சிநூலில் இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்கலாம். இடப்பக்கத்தில் மூன்று வட்டங்கள் வரைந்து, குழாய்நீர், உப்புநீர், சவர்க்காரநீர் என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு துளி நல்லெண்ணெய் என்ன செய்தது என்று படம் வரையச் சொல்லுங்கள். பத்து விநாடியில் ஒரு படம், ஒரு நிமிடத்தில் ஒரு படம். வலப்பக்கத்தில் அதே மூன்று நீரிலும் கந்தகத் தூள். குழாய்நீரில் மிதந்த தூள் சவர்க்காரநீரில் கீழே போவதை நேரில் பார்த்ததும் வகுப்பு சத்தமாகிவிடும். அதன்பிறகு கேள்வி: "எண்ணெய்த் துளியின் வடிவத்தை மாற்றக்கூடியவை எவை? உங்களுக்குத் தோன்றுவதையெல்லாம் எழுதுங்கள்." எண்ணெயின் சூடு, பாத்திரத்தின் அகலம், துளி விட்ட உயரம், காற்று என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நோயை அறியும் முறைகள் பற்றி அவர்களே கேட்கவேண்டிய கேள்விகள் அவை. நெய்க்குறி சரியா பிழையா என்ற தீர்ப்பை இந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதவேண்டாம். பார்த்ததை ஒழுங்காகப் பதியவும், எது எதை மாற்றுகிறது என்று கேட்கவும் பிள்ளை பழகினால் இந்தப் பக்கத்துக்கு அது போதும்.

நாடியையும் இப்படியே கொண்டுவரலாம். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு துடிப்பை விட்டுவிட்டாலும் விடையில் நாலு குறையும். 60 விநாடி முழுதாக எண்ணினால் ஒன்றுதான் குறையும். அளவீட்டு வழுவை இதைவிடச் சுருக்கமாகப் படிப்பிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மற்றத் தலைப்புகளுக்கு ஊரிலேயே கைப்பிடிகள் இருக்கின்றன. நொதியத்துக்குக் கன்னியா: ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. அங்கிருந்து தொடங்கி, கஞ்சித்தண்ணீர், அயடீன், அவரவர் உமிழ்நீர் என்று சோதனைக்குழாய்க்கு வாருங்கள். ஒரு குழாய் ஐஸில், ஒன்று 37 பாகையில், ஒன்றில் உமிழ்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்க்கவேண்டும். பிறகு மூன்றையும் 37க்குக் கொண்டுவந்தால், ஐஸில் இருந்தது வேலையைத் தொடங்கும், கொதித்தது தொடங்காது. அமுக்கத்துக்குச் சுழியோடப் போகும் புறாத்தீவு: கடலில் பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரட்டிப்பு, மூச்சை அடக்கிக்கொண்டு போனவரின் நுரையீரலில் இருந்த ஆறு லீற்றர் காற்று மூன்றாகச் சுருங்கும். அமில காரத் தன்மைக்கு ஒரே ஒரு மடக்கைக் கணக்கு: குருதியின் பீஎச் 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் ஐதரசன் அயன் செறிவு 40 நனோமூலிலிருந்து ஏறக்குறைய 80 ஆகிறது. 0.3 என்பது சிறிய எண் என்று நினைத்த பிள்ளை அந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கும்.

அச்சடிக்க முன்னம்

அச்சாகி வரும் தாளைச் சரிபார்க்கவேண்டும் என்பதை நான் வேறோர் ஊரில் வேலை தொடங்கிய காலத்தில் பட்டுப் படித்தேன். ஒரு பக்கத்தில், "50 மைக்ரோகிராம் தைரொக்சின் மாத்திரை இரண்டு. மொத்தம் எத்தனை கிராம்?" என்ற கணக்கு. தமிழைப் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும், மைக்ரோவைக் குறிக்கும் 'மியூ' குறியைச் சிம்பல் எழுத்துருவிலும் அடித்திருந்தேன். சிம்பல் எழுத்துருவில் 'எம்' எழுத்தை அடித்தால்தான் 'மியூ' வரும். போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் கோப்பைத் திறந்தபோது அந்த எழுத்துரு போய், 'மியூ' இருந்த இடத்தில் 'எம்' வந்து நின்றது. மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு. அச்சாகி வந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. வகுப்பில் எல்லோரும் 0.1 கிராம் என்று விடை எழுதி அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். ஒருவர்கூட "மிஸ், இவ்வளவு தைரொக்சினா?" என்று கேட்கவில்லை.

அச்சுப்பிழை எனது கவனக்குறைவு. அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அமைதி. அடுத்த தாளிலிருந்து ஒவ்வொரு கணக்கின் கீழும் ஒரு வரி சேர்த்தேன்: "இந்த விடை ஒரு நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய அளவா? எப்படித் தெரியும்?" கணக்கைவிட இந்த வரிக்குப் பிள்ளைகள் அதிக நேரம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்.

அதனால் யூனிகோடில் மட்டும் அடியுங்கள். கடைக்குப் பிடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள். மைக்ரோகிராம் என்பதை எப்போதும் முழுச் சொல்லாக எழுதுங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, வீட்டிலிருந்து பேனையால் நீங்களே முழுதாக நிரப்புங்கள். இடம் போதாத வரி, சொல்லாமல் விட்ட அலகு, இரண்டு விதமாக விளங்கும் கேள்வி எல்லாம் அப்போதுதான் தெரியும். முழு நூலையும் ஸ்பைரல் போட்டுக் கொடுக்காமல், வாரத்துக்கு இரண்டு ஏ4 தாளாக இரு பக்கமும் அடித்து, ஸ்ரேப்பிள் செய்து கொடுங்கள். அந்த வாரத் தாளை நீங்கள் வாசிக்கக் கொண்டுபோகும்போது மற்றவை பிள்ளையிடமே இருக்கும். ஐம்பது பேருக்கு வாரம் நூறு தாள்.

வகுப்பில்

முதல் பத்து நிமிடம் தனித்தனியாக, பேசாமல். பிறகு இரண்டு இரண்டு பேராக. அதன்பிறகே முழு வகுப்பு. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலிலேயே சேர்ந்து பேச விட்டால் கெட்டிக்கார ஒருவரின் விடை வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

அடுத்த வருடம் வேறு ஒரு சிக்கல் வரும். சீனியர் நிரப்பிய தாள் ஜூனியரின் கைக்கு வந்துவிடும். அக்கா தங்கைக்குக் கொடுப்பதுபோல அன்பாகத்தான் கொடுப்பார்கள், கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. இலக்கங்களை வருடா வருடம் மாற்றுங்கள். முடிந்த அளவு கேள்விகளை மாணவரின் சொந்த அளவீட்டில் கட்டுங்கள்: தன் நாடி, தன் உருளைக்கிழங்குத் துண்டு, தான் வரைந்த எண்ணெய்த் துளி. அதற்குச் சீனியரின் தாளில் விடை கிடையாது.

ஒவ்வொரு வகுப்பையும் போன வாரத்துக் கேள்வி ஒன்றோடு தொடங்குங்கள், தாளைப் பார்க்காமல் எழுதவேண்டும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே முன்னுக்கு நின்றார்கள். இந்த முடிவை மாணவருக்கே சொல்லிவிடுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் குறிப்பை வாசித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

தாளை வாசியுங்கள்

சேர்த்த தாளை வாசிக்காமல் திருப்பிக் கொடுத்தால் மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் ஒழுங்காக எழுதமாட்டார்கள். அதற்காக எல்லாவற்றையும் திருத்தப் போனால் நீங்களும் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவீர்கள். ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். ஊக வரிகளையும் கடைசி விளக்கத்தையும் மட்டும் வாசித்து, ஒரு வரி எழுதுங்கள். "சரி", "நன்று" என்று எழுதுவதில் பயனில்லை. "எதன் செறிவு?" என்று ஒரு கேள்வி எழுதினால் பிள்ளை திரும்பவும் அந்த இடத்துக்குப் போகும். அடிக்கடி வந்த ஒரு பிழையைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, அடுத்த வகுப்பில் அதைப் பற்றிப் பேசுங்கள்.

புள்ளி போடவேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஊகத்துக்குப் புள்ளி போடவே கூடாது என்பது எனது உறுதியான கருத்து. புள்ளி வந்தால் பிள்ளை தான் நினைத்ததை எழுதாது, நீங்கள் விரும்புவதை எழுதும். தாளை நிரப்பிக் கொடுத்ததற்குத் தொடர் மதிப்பீட்டில் சிறு பங்கு வைத்தால் போதும்.

உங்கள் மேசையில் ஒரு பிரதி தனியாக இருக்கட்டும். வகுப்பில் எந்த இடத்தில் கை உயர்ந்தது, எந்த வரி எல்லோருக்கும் வெறுமையாகப் போனது என்று அன்றன்றே சிவப்புப் பேனையால் அதில் குறித்துவையுங்கள். தவணை முடிவில் அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துத் தாள் எழுதவேண்டும். எனது பிரதியில் கருவாட்டுக் கேள்விக்குப் பக்கத்தில், ஒரு மாணவி விளக்க வரிகளில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்: "எங்கட அம்மா மீனுக்கு உப்புப் போட்டிட்டுப் பலகைய ஒரு பக்கம் சரிச்சு வைப்பா. தண்ணி வடியத்தான் எண்டு தெரியும். அந்தத் தண்ணி மீன்ட கலத்துக்குள்ள இருந்து வாற தண்ணி எண்டு இண்டைக்குத்தான் விளங்குது."

அவளிடம் கேட்டு, பெயர் போடாமல், அடுத்த வருடத்துப் பக்கத்தின் முதல் கேள்வியை மாற்றினேன். இப்போது அது இப்படித் தொடங்குகிறது: "கருவாட்டுப் பலகையை ஏன் ஒரு பக்கம் சரித்து வைக்கிறார்கள்?" கீழே ஆறு வரி வெறுமை.